கட்டிலுக்கு அடியில் ஒரு விருந்தாளி

எங்கள் வீட்டில் நாய் வேண்டும் என்று கேட்டது நான்தான். இப்போது சொன்னால் தெருவில் யாரும் நம்புவதில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை. கடையில் ஒரு சோப்பைக் கேட்டு வேறு சோப்பைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

மகளுக்குக் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். என் கணவர் துணிக்கடையில் வேலை பார்க்கிறார். காலையில் போனால் கடை அடைத்த பிறகுதான் வருவார். பழங்காநத்தத்தில் எங்கள் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. சந்தில் எந்நேரமும் பேச்சுச் சத்தம் கேட்கும். அதில் போய்க் கலந்துகொள்ள எனக்கு வராது. டிவியைப் போட்டால் அதிலும் யாராவது சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சாப்பாடு போடும்போது, வீட்டில் ஒரு நாய் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார்.

குட்டி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். குட்டி என்றால் தெருவில் ஓடும். அதன் பின்னால் நானும் ஓட வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள். ஓடி முடித்த நாயாக இருந்தால் போதும் என்று தோன்றியது.

கீழக்குயில்குடிக்குப் போகிற வழியில், அடிபட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கும் ஓர் இடத்தை மகள் போனிலேயே கண்டுபிடித்துச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அங்கே பொறுப்பில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் குட்டிகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பெரிய நாய் வேண்டும் என்று என் கணவர் சொன்னார். அந்தப் பெண் எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு செவலை நாயைக் காட்டினார்.

"இவனுக்கு அஞ்சாறு வயசு இருக்கும்க்கா. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல எவனோ வேன கால்ல ஏத்திட்டுப் போயிட்டான். காலு சரியாயிருச்சு. மனுசங்களக் கண்டாத்தான் ஆகாது."

"கடிக்குமாம்மா?" என்று கேட்டார் என் கணவர்.

"கடிக்கணும்னா பக்கத்துல வரணும்ல அண்ணே. இவன் அதுக்கே வர மாட்டான்."

மனிதர்களைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும் அந்த நாயை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

கிளம்பும்போது அந்தப் பெண் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார். "ஒரு மாசம் வச்சுப் பாருங்கக்கா. அப்புறம் நான் ஒரு எட்டு வாரேன். அன்னைக்கும் பயந்து ஒளிஞ்சுக்கிட்டே கெடந்தான்னா கூட்டிக்கிட்டு வந்துருவேன். அடிபட்ட நாயி ஒரு வீட்டுல நடுங்கிக்கிட்டே கெடக்குறது பாவம்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் சௌராஷ்டிரர்கள். பல தலைமுறைக்கு முன்னால் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். நான் வடக்கே திண்டுக்கல்லைத் தாண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் எங்கள் பாஷைதான். வெளியாள் யாராவது வந்துவிட்டால் உடனே தமிழுக்கு மாறிவிடுவோம். அவர்களுக்குப் புரியாததை அவர்கள் எதிரில் பேசினால், அவர்களைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறோம் என்று நினைப்பார்கள், அது மரியாதை இல்லை என்று எங்கள் அம்மா சொல்லி வளர்த்தார். விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது பால் இருக்கிறதா என்று கேட்க வேண்டுமானால்கூட, சமையலறைக்குள் போய்த்தான் கேட்டுக்கொள்வோம்.

நாய் ஆரப்பாளையத்து நாய். அதற்கு எங்கள் பாஷை எப்படித் தெரியும்? அதனால் அது வந்த அன்றே வீட்டில் தமிழ் பேச ஆரம்பித்தோம். இதை யாரும் முடிவு செய்யவில்லை. தானாக நடந்தது. என் கணவர் வீட்டில் பனியனோடுதான் இருப்பார். அன்று சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தட்டில் தயிர்சாதத்தை வைத்து, "சாப்பிடுங்க" என்றேன்.

நாய் நேராகப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அது வெளியே வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. தட்டை வைத்துவிட்டு நாங்கள் விலகிப்போனால் சாதம் தீர்ந்திருக்கும். பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருந்தால், கொல்லைக்குப் போய்விட்டு வந்துவிடும். என் கணவர் கட்டிலின் மேல் படுத்தார், அது கீழே படுத்தது. ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொள்ளவில்லை. நானும் அவரும் பேசிக்கொள்வது குறைந்துபோனது. தமிழில் புருஷனோடு பேச எனக்கு அவ்வளவாக விஷயம் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் கேட்டாள். "என்னக்கா, உங்க வீட்டு விருந்தாளி இன்னைக்காச்சும் தரிசனம் குடுத்தாரா?"

"இல்ல."

"பேசாம ஒரு தொட்டி மீன் வாங்கிருக்கலாம். அதாச்சும் கண்ணுல படும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பெண் வரப்போகிற நாள்தான் எனக்குப் பயமாக இருந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் மறுபடியும் அந்த வீட்டில் காலையிலிருந்து இரவு வரை நான் மட்டும் இருக்க வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் மகள் போன் செய்தாள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று மூன்று வேளையும் பிஸ்கட் தின்றிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் எங்கள் பாஷையில் சத்தம் போட்டுக்கொண்டே கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மகளோடு போனில் எப்போதும் எங்கள் பாஷைதான். ஆனால் நாய் இருக்கிறதே என்று, அது வந்ததிலிருந்து கொல்லைக்குப் போய்த்தான் பேசிக்கொண்டிருந்தேன். அன்று மறந்துவிட்டேன். திட்டி முடித்துத் திரும்பினால், நாய் அறை வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரவு கணவரிடம் சொன்னேன். நாய்க்குப் போன் பிடித்திருக்கிறது என்றார். மறுநாள் காலையில், அழைப்பு ஏதும் இல்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, நல்லாயிருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று பேசிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் எந்த அசைவும் இல்லை. கடைக்கு நேரமாகிவிட்டது, சீப்பை எங்கே வைத்தாய் என்று அவசரத்தில் தன்னை மறந்து எங்கள் பாஷையில் என்னிடம் கத்தினார். முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு முழு நாயும் வந்தது.

இதற்கு என்ன காரணம் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தமிழ் மேல் அதற்கு ஒன்றும் கோபம் இருக்காது. யோசித்துப் பார்த்தால், தமிழ் பேசும்போது நாங்கள்தான் வேறு மாதிரி இருந்திருக்கிறோம். நிமிர்ந்து உட்காருகிறோம், சிரித்த முகமாக இருக்கிறோம், குரலை இறக்குகிறோம். புது இடத்துக்கு வந்த நாய்க்கு, வீட்டுக்காரர்கள் இத்தனை விறைப்பாக இருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். அன்றிலிருந்து நாய் எதிரிலேயே எங்கள் பாஷையைப் பேசினோம். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அது கூடத்தில் படுத்தது. அதற்கு அடுத்து, நான் காய் நறுக்கும்போது என் காலை ஒட்டிப் படுத்தது. வெண்டைக்காய்க் காம்பைத் தின்றது. நான் நாள் முழுக்க அதனிடம் பேசினேன். வாழ்க்கையில் யாரோடும் அவ்வளவு பேசியதில்லை.

மாதம் முடிந்து அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்தார். கையில் கழுத்துப்பட்டையும் கயிறும் இருந்தன. என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். நான், "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

என் காலடியில் கிடந்த நாய் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். "இன்னும் இப்படித்தான் இருக்கானாக்கா?"

"இல்லம்மா. நீங்க வர்ற வரைக்கும் இவ கால்மாட்டுலதான் கெடந்துச்சு," என்றார் என் கணவர்.

"எல்லாருமே இதத்தான்ணே சொல்லுவாங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். இருவரும் எழுந்து சமையலறைக்குப் போனோம். விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று எங்கள் பாஷையில் மெதுவாகக் கேட்டார். சொன்னால் யார் நம்புவார்கள் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அறையின் பின்கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நாய் நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று என் கணவர் குனிந்தார். "அண்ணே, நேரமாச்சு, நான் போகணும்," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "இந்தா வந்துட்டோம்மா," என்று அவர் தமிழில் பதில் சொன்னார். நாய் வந்த வழியாகவே மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

காப்பியை வைத்தேன். அந்தப் பெண் தொடவில்லை. கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க மேல குத்தமே இல்ல. சில நாயிக்கு வீடு ஒத்துக்காது."

அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர் எதிரில் அதைச் செய்ததே இல்லை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, எங்கள் பாஷையில் என் கணவரோடு பேச ஆரம்பித்தேன். முதலில் காஸ் சிலிண்டர் புக் செய்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் விருந்தாளி எதிரில் பாத்திரத்தைத் தூக்கி எறிந்ததுபோல் இருந்தது. பிறகு அவரும் எங்கள் பாஷையிலேயே, இன்னும் செய்யவில்லை என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. இந்த நாயைக் கொண்டுபோய்விட்டால் நான் காலையிலிருந்து இரவு வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். நீங்கள் வந்தால் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறீர்கள், மகளும் ஊருக்குப் போய்விட்டாள், நான் யாரிடம் பேசுவேன் என்றேன். இதைத் தமிழில் என்னால் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பெண்ணுக்குப் புரியும் என்றால் எங்கள் பாஷையிலும் சொல்லியிருக்க முடியாது. என் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு, எனக்கும் அது தெரியும் என்றார். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அதற்குள் நாய் வந்து, என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. அந்தப் பெண் கயிற்றைக் கையில் வைத்தபடி அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னக்கா சொன்னீங்க?"

"காப்பிக்குச் சீனி போதுமான்னு கேட்டேன்."

"அம்புட்டு நேரமாவா?"

அந்தப் பெண் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.