உமையாள் படுத்து வந்த முன் சீட்டு

எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் சிங்கப்பூரில் பேங்க் மேனேஜர். பேத்தி மெய்யம்மை கோயம்புத்தூரில் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள். கடைக்குட்டி சாலா செஸ் ஆடி வாங்கி வந்த கோப்பை அவள் இடுப்பு உயரம் இருக்கிறது. நடுப்பேரன் தேனப்பன் எங்கள் பழைய காரைப் புதுசாக்கி, சென்னையில் நடந்த பழைய கார் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிவிட்டான்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். இதையெல்லாம் என் விரலால் போனில் எழுதி நம் ஊர்க் குரூப்பில் போடுகிறேன் என்பதிலேயே எனக்குப் பாதிப் பெருமை.

ஆனால் அந்தக் காருக்குள்ளே ஒரு வாசனை இருந்தது...

மழையில் நனைந்த இலவம்பஞ்சு வாசனை. ரெக்சினும் பெட்ரோலும் கலந்து வரும். இத்தனை வருஷம் கழித்தும் மழை பெய்தால் எனக்கு அதுதான் மூக்கில் ஏறுகிறது.

என் மாமனார் வாங்கிய கார் அது. மேல் மூடியை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் வானம் பார்த்தபடி போகலாம். என் மகள் உமையாளுக்கு ஒரு காய்ச்சல் வந்து, அதோடு இடுப்புக்குக் கீழே எல்லாம் ஓய்ந்துபோனது. உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள். மதுரை டாக்டர், படுக்க வைத்தே கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அவுக, அதாவது என் வீட்டுக்காரர், ஒரு நாள் முழுக்கக் காரையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். மறுநாள் ஆளைக் கூப்பிட்டு இடது பக்க முன் சீட்டின் முதுகை அறுக்கச் சொன்னார்கள். மடக்கிச் சாய்க்கக் கீல் வேண்டுமே. எங்கள் வீட்டுப் பர்மா தேக்கு பீரோவின் பித்தளைக் கீலையே கழற்றி மாட்டினார்கள். முதுகைச் சாய்த்தால் பின் சீட்டோடு போய்ச் சேர்ந்து ஒரு சின்னக் கட்டில் மாதிரி ஆகிவிடும்.

பழைய ஸ்பிரிங் பிள்ளையின் முதுகில் குத்தியது. நான் என் கல்யாணச் சீரில் வந்த சிவப்பு வெல்வெட் மெத்தையை எடுத்துக் கத்தரித்தேன். மாமியார் பார்த்துவிட்டார்கள்.

"சீர்ச் சாமான்ல கத்திரி வைக்கிறவளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்கள். பிறகு, "கோணலா வெட்டுறியே, இங்குட்டுக் கொடு" என்று வாங்கி அவர்களே வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு உமையாள் வீட்டுக்குள் இருக்கவே மாட்டாள். சாயங்காலமானால் கார்தான்.

நாமெல்லாம் தெருவில் போகும்போது வாசலைப் பார்ப்போம், கதவைப் பார்ப்போம். அவள் பார்த்தது எல்லாம் மேலே. ஒவ்வொரு வீட்டு முகப்பு உச்சியிலும் சுதையில் செய்து வைத்திருப்பார்களே, லெட்சுமி, யானை, துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரன்... அதை வைத்தே எந்தத் தெரு, யார் வீடு என்று சொல்லிவிடுவாள். என் பிறந்த ஊர் நேமத்தான்பட்டிக்குப் போனால், தெரு திரும்பியதுமே "அம்மாச்சி வீடு வந்திருச்சு" என்று அவள்தான் முதலில் சொல்லுவாள்.

ஒரு நாள் சொன்னாள், "ஆத்தா, நம்ம வீட்டு லெச்சுமிக்கு ஒரு கை இல்ல. நீங்க யாரும் பாக்கவே மாட்டீகளா?"

சும்மா இரு, லெட்சுமிக்குக் கை இல்லாமல் இருக்குமா என்று சொல்லிவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கடைசியாக மதுரைக்குக் கொண்டுபோனது ஐப்பசி மழையில். மேல் மூடியைப் போட வேண்டியதாகிவிட்டது. அவளுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. "இப்ப எங்க வந்திருக்கோம் ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். குன்றக்குடி என்றேன். திருப்பத்தூர் என்றேன். மூடி ஒழுகி மெத்தை நனைந்தது, என் முந்தானையால் ஒற்றிக்கொண்டே வந்தேன்.

மேலூர் என்று சொல்ல நான் காத்துக்கொண்டிருந்தேன்...

அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்தக் காரை யாரும் எடுக்கவில்லை. அவுக இருந்தவரை அந்தச் சீட்டை நிமிர்த்தவும் விடவில்லை. கொட்டகையில் அப்படியே சாய்ந்து கிடந்தது.

தேனப்பன் காரை மதுரையில் வேலைக்கு விட்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினான். "அப்பத்தா, இதப் பாத்தீகளா? எவனோ வெவரங்கெட்டவன் சீட்டை அறுத்து பீரோக் கீலை மாட்டி வச்சிருக்கான். உள்ள மெத்தைப் பஞ்சு. எல்லாத்தையும் தூக்கிட்டு ஒரிஜினலா பண்ணப் போறேன்."

அவன் மேல் தப்பே இல்லை. அத்தை ஒருத்தி இருந்தாள், சின்ன வயதில் போய்விட்டாள் என்பதற்கு மேல் யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. செய்யப்பா என்றேன். நாலு நாள் மனசு கேட்காமல், அந்தச் சீட்டு எங்கே என்று கேட்டேன். பழைய சாமான்காரர் எடுத்துப் போய்விட்டாராம்.

உள்ளே எல்லாம் ஒரிஜினலாக இருந்ததால்தான் பரிசு என்கிறான். கண்காட்சிப் படங்களைப் பார்த்தேன். சீட்டு நிமிர்ந்து, பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரிஜினல் எது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

அன்றைக்கு அந்தக் காரில் ஏறினால் ஒருத்திக்கு ஊரே தலைக்கு மேலே தெரிந்தது. இன்றைக்கு ஏறுகிறவர்கள் சீட்டில் உட்கார்ந்து தங்களையே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தேனப்பா, நீயும் இதைப் படிப்பாய். வருத்தப்படாதே, அந்தப் பரிசில் எனக்குப் பெருமைதான். அடுத்த வாரம் வண்டியை ஊருக்குக் கொண்டு வருகிறாய் அல்லவா. நம் வீட்டு வாசலில் நிறுத்தி, மேல் மூடியைத் திறந்து, இடது பக்கச் சீட்டில் போனை மல்லாக்க வைத்து ஒரு படம் எடு. உன் முகம் வேண்டாம். முகப்பு உச்சி தெரிந்தால் போதும்.

நான் ஒரு தடவைகூட அதில் படுத்துப் பார்த்ததில்லை. இப்போது கழுத்து நிமிர மாட்டேன் என்கிறது.

லெட்சுமிக்குக் கை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் படத்தை இங்கே போடு, அப்பு.