மரகதத்தின் நோவை எங்கே காட்டுவது?

திருகோணமலைக்கு வந்த புதிதில் என் உடம்பைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மீன்காரர் "சுகமா இருக்கிறியளோ?" என்றார், தபால்காரரும் அதையே கேட்டார். தூத்துக்குடியில் நாம் "சாப்பிட்டாச்சா?" என்றுதானே ஆரம்பிப்போம்? முகம் வெளிறிப்போயிருக்கிறதாக்கும் என்று பயந்து, கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் அதுதான் வணக்கம் என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று.

எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு தையற்கடையில் வேலை. அப்போது வெள்ளைக்காரக் கப்பற்படை இங்கே இருந்தது. லாங், ஷார்ட், டைட், டுமாரோ என்ற நாலே சொல்லில் எத்தனையோ சிப்பாய்களுக்குக் களிசான், அதாவது கால்சட்டை, தைத்துக் கொடுத்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து "இவ்வளவு போதுமா?" என்று கண்ணாலேயே கேட்பேன், அவனும் கண்ணாலேயே சொல்வான். பாஷை தெரியாத ஊரில் எப்படிப் பிழைக்கிறாய் என்று கடிதம் எழுதியவர்களுக்கு ஏகத்துக்கும் அளந்துவிட்டேன். பாஷை எதற்கு, கை இருக்கிறதே! என்னைப் போல் கடல் தாண்டி வந்தவர்களே, அந்தத் திமிர் எங்கே போய் முட்டியது என்று சொல்கிறேன்.

என் மனைவி மரகதம் இங்கே பக்கத்திலுள்ள கட்டைபறிச்சான்காரி. ஒருநாள் காலை சுருண்டு படுத்துவிட்டாள். இரவெல்லாம் வாந்தி; நெற்றி கொதித்தது. வயிற்றின் வலது பக்கம், கீழே, தொடவே விடவில்லை.

"இஞ்சருங்கோ, எனக்கு எழும்ப ஏலாது. டொக்டரிட்டச் சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

வீட்டில் இருப்பவருக்காக இன்னொருவர் போய் நோயைச் சொல்லி, கழுவிய போத்தலில் மிக்சர் வாங்கி வருவது அப்போது சாதாரணம். நானும் போத்தலோடு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டாக்டர் தென்பகுதியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், சிங்களமும் இங்கிலீஷும்தான். நம் தமிழை அவருக்கு மாற்றிச் சொல்பவர் அங்கே வேலை பார்த்த சுலைமான் நானா. அன்று பெருநாள். அவர் கிண்ணியாவில் வீட்டில் இருந்தார். வரிசையில் நின்றவர்களும் என்னைப் போலத் தமிழைத் தவிர வேறு அறியாதவர்கள்.

"வைஃப், பெயின்" என்றேன். அதற்குமேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை. "வேர்?" என்றார். எங்கே என்று கேட்கிறார் என்பது விளங்கியது. ஆனால் எங்கே காட்டுவது?

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் நோயை நம் உடம்பில் தொட்டுக் காட்டினால் அது நமக்கும் வந்துவிடும் என்பார்கள். சின்ன வயதில் யாருக்கோ வந்த கட்டியை என் கழுத்தில் காட்டப்போய், அம்மாவிடம் கையில் அடி வாங்கியிருக்கிறேன். மரகதம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "நோவென்ன, பேனோ ஒட்டிக்கொண்டு வர?" என்பாள்.

டாக்டரின் வயிற்றிலும் கை வைக்க முடியாது. ஆகவே போத்தலில் காட்டினேன். கழுத்து இருந்தது, தோள் இருந்தது, வயிறும் இருந்தது. அடிவயிற்றில் வலது ஓரமாக விரலை அழுத்தி, "இங்கே" என்றேன். டாக்டர் தலையாட்டி ஏதோ எழுதிக் கொடுத்தார். நான் போத்தலிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. மருந்து கலப்பவர் சீட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், விரல் இருந்த மட்டத்துக்கு ரோஸ் நிற மிக்சரை ஊற்றினார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

வாசலுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. நான் நோவைக் காட்ட, அவர்கள் அதை மருந்தின் அளவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வலி என்று சொன்னதற்குப் பொதுவாக ஒரு மருந்து. அவள் கொதிக்கும் நெற்றி கண்முன் வந்தது. இந்த மருந்தோடு வீட்டுக்குப் போனால் அவளை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

வரிசையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். டாக்டருக்குக் கோபம். போத்தலை மேசையில் வைத்துவிட்டு, என் வயிற்றின் வலது பக்கம் என் கையையே வைத்து அழுத்தினேன். வருவது வரட்டும் என்றிருந்தது. அவளைப் போலவே குனிந்தேன், முனகினேன், வாந்தி எடுப்பதுபோல் காட்டினேன். உண்மையாகவே நொந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

டாக்டர் எழுந்து வந்தார். நான் காட்டிய இடத்திலேயே விரலை வைத்து, "வைஃப்?" என்றார்.

"வைஃப்" என்றேன். அழுதுவிட்டேன்.

உடனே அம்புலன்ஸுக்குச் சத்தம் போட்டார். அன்று பகலே பெரிய ஆஸ்பத்திரியில் மரகதத்துக்கு ஒப்பரேஷன் நடந்தது. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் உள்ளே குடல்வால் வெடித்திருக்கும் என்று தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வந்து சொன்னாள்.

மூன்றாம் நாள் மரகதம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அந்த டொக்டருக்கு எப்பிடி விளங்கப்படுத்தினீங்கள்?" என்று கேட்டாள்.

"இந்தா, இதிலதான் நோகுதெண்டு..." என்று அவள் ஊர்த் தமிழிலேயே சொல்லிக்கொண்டு, கையை என் வயிற்றுக்குக் கொண்டுபோனேன். பட்டென்று கையில் ஓர் அடி விழுந்தது. தையல் இழுத்து அவள் முகம் சுளித்தது.

"விடுங்கோ! உங்கட உடம்பில காட்டாதேங்கோ!" என்றாள். சிரிக்கவில்லை.

அவள் ஊர்ப் பேச்சு என் வாயில் இருந்தது. என் ஊர் அடி அவள் கையிலிருந்து விழுந்தது. கையைத் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.