பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சை உப்பு

அமெரிக்காவில், சான் ரமோனில் மகன் வீட்டில் இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ரேடியேஷன் முடிந்தபோது அவர் நாக்கில் ருசியே இல்லை. சில மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். அதுவரை எப்படியாவது சாப்பிட வேண்டும், எடை இறங்கிக்கொண்டே போனால் வயிற்றில் ட்யூப் வைக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். முருகா, அது மட்டும் வேண்டாம் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்பேன்.

தைப்பூசம் கழிந்து ஒருநாள், "கொஞ்சம் கொஞ்சமா ருசி தெரியுது" என்றார். அழுதுவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஜப்பான்காரம்மாவுக்கு எப்போதாவது முறுக்குக் கொடுப்பேன். அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு உப்புச் செய்து காட்டினார். கடல் உப்பை வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, ஆறவிட்டு, பொடித்து, மட்சா என்கிற பச்சைத் தேயிலைப் பொடியைக் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் நிறம் போய்விடும். காய்களை மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்து, இதைத் தொட்டுச் சாப்பிடுவார்களாம். லேசாகக் கசக்கும், வாய்க்குப் பிடிக்கும் என்று ஜாடையில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நானே அந்த உப்பைச் செய்து, காய்களையும் பொரித்தேன். டீத்தூளைச் சாமிக்கு வைக்கலாமா என்று ஒரு யோசனை. இலைதானே என்று வைத்துவிட்டேன். படைக்கும் முன் நான் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. படைத்ததும் முதல் வாய் அவருக்கு.

"உப்பு சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குது. இந்தப் பச்சை நல்லாத்தான் இருக்குது."

நாலைந்து துண்டு சாப்பிட்டார். மனசு குளிர்ந்து நின்றேன். அப்போது பேத்தி வந்து ஒன்றைக் கடித்தாள். உடனே டிஷ்யூவில் துப்பினாள்.

"பாட்டி, ஸோ ஸால்ட்டி. தாத்தா, ஹவ் ஆர் யூ ஈட்டிங் திஸ்?"

நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். ஒரே கரிப்பு. ஜப்பான்காரம்மா மாவில் உப்பே போடவில்லை. நான் பஜ்ஜிக்குக் கரைக்கிற பழக்கத்தில் மாவிலும் போட்டு, மேலே இதையும் தாராளமாகத் தூவியிருந்தேன்.

பேத்தி மாடிக்குப் போனபின் கேட்டேன். "நெசமாச் சொல்லுங்க. நாக்குல ஒண்ணும் தெரியறதில்லீங்களா?"

"இல்ல."

"அன்னிக்குத் தெரியுதுன்னீங்களே."

"நீ தெனமும் அந்தப் படத்துக்கு முன்னாடி மூக்க உறிஞ்சிட்டு நின்னா நான் வேற என்னத்தச் சொல்றது? உன்ற முருகனுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேணுமில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். "மண்ணாட்டம் இருக்குது. மென்னு முழுங்கறேன். ட்யூபுன்னா எனக்கும் பயந்தான்."

தட்டை எடுக்கப் போனேன். "இரு, இன்னும் ரெண்டு இருக்குதில்ல" என்று கையை நீட்டினார். இவ்வளவு உப்பு ஆகாது என்று வாங்கிக்கொண்டு, இட்லியைத் தயிரில் பிசைந்து கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தேன். எத்தனையோ நாள் அப்படி உட்கார்ந்திருக்கிறேன், தட்டு காலியாகிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினார்.