தளபதியின் தலைப்பாகை

எங்கள் கொள்ளுத்தாத்தா தெற்கத்திச் சீமையில் ஒரு ராஜாவிடம் தளபதியாக இருந்தவர். எந்த ராஜா என்பது மட்டும் அப்பா சொல்லும் ஒவ்வொரு முறையும் மாறும். ராஜா தம் கையாலேயே அவருக்குத் தலைப்பாகை கட்டி, கம்பெனித் துரைக்கு ஒரு சேதி சொல்லி, தனிக் கப்பலில் பினாங்குக்கு அனுப்பினாராம். வந்தவருக்கு ஊர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டாராம். ராஜா தந்த மரியாதை என்பதால் தூங்கும்போதுகூட அந்தத் தலைப்பாகையைக் கழற்றமாட்டாராம். துறைமுகக் கிடங்கில் துரைமாருக்குப் பயந்து மெல்லப் பேசும் அப்பாவுக்கு, இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் பெரிதாகிவிடும்.

இந்தக் கதையால் நஷ்டப்பட்டவள் அத்தை, அப்பாவின் தங்கை. மளிகைக்கடைக்காரர் ஒருவர் பெண் கேட்டார். பிறகு ஒரு கங்காணியின் மகன் கேட்டான். “தளபதி வம்சத்துப் பொண்ணு” என்று சொல்லி இருவரையும் அப்பா திருப்பி அனுப்பினார். அத்தைக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. என் வகுப்புப் பெண்களிடம் நானும் அதே வம்சத்தைச் சொல்லித்தான் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

மூன்றாவதாக ஆயர் ஈத்தாம் என்ற பக்கத்து ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கூடவே அவருடைய தாத்தாவும் வந்திருந்தார். பல் எல்லாம் போய்விட்ட, சிரித்த முகமுள்ள கிழவர். அத்தைக்குப் பூ வைத்துவிட்டு நான் கூடத்துக்கு ஓடினேன். அப்பா அதற்குள் கப்பலைக் கிளப்பிவிட்டார்.

தலைப்பாகை வந்த இடத்தில் கிழவர் நிமிர்ந்தார். “தண்ணீர்மலை ரோட்டோரமா குடியிருந்தாரே, நெட்டையா, இடது காலைச் சாய்ச்சு நடப்பாரு, அவரா உங்க தாத்தா?”

“அவரேதான். உங்களுக்குத் தெரியுமா?” அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

“தெரியாமயா! எங்கப்பாவும் அவரும் ஒரே சங்கிலியில வந்தவங்க தம்பி. தீவாந்தரக் கைதிங்க. அந்த ரோட்டுக்குக் கல்லு சுமந்ததே அவங்கதான். கைதின்னு நெத்தியில பச்சை குத்தி அனுப்பியிருந்தாங்க. அத மறைக்கத்தான் ரெண்டு பேரும் தலைப்பாகை கட்டினாங்க. எங்கப்பா குளிக்கும்போது நானே பாத்திருக்கேன்.” தொலைந்துபோன சொந்தத்தைக் கண்டுபிடித்தவர்போல அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அட, நம்ம ஆளுங்க!”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அப்பா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. ஆச்சரியம் இல்லை. ஆச்சரியப்பட்டது நான்தான்.

அவர்கள் கோப்பி குடித்து, சொல்லி அனுப்புவதாக அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். வாசல் கதவைச் சாத்தியதும் அப்பா, “கைதி குடும்பம். இது வேணாம்” என்றார்.

அதுவரை அண்ணன் எதிரில் உரக்கப் பேசியறியாத அத்தை உள்ளேயிருந்து வந்தாள். புடவைகூட மாற்றவில்லை.

“கடைக்காரர வேணாம்னீங்க. கங்காணி மகன வேணாம்னீங்க. நாம தளபதி வம்சம்னீங்க. இப்ப நாம யாரு அண்ணே?”

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். அம்மா அவர் முன்னால் ஒரு செம்பு தண்ணீரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். கடைசியில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் பஸ் ஏறுமுன் பிடித்துவிட வேண்டும் என்று சாலைப் பக்கம் வேகமாக நடந்தார். கலியாணம் தை மாதத்தில் நடந்தது. அதன்பின் அப்பா அந்தக் கதையை எடுத்ததில்லை.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று சாயங்காலம் நான் பின்கட்டில் உட்கார்ந்து தளபதிக்காக அழுதேன். மறுநாள் வகுப்பில் எந்த முகத்தோடு உட்காருவது? அத்தை வந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. கண்ணிலிருந்து நீர் என் கழுத்தில் சொட்டியது. பாவம், அவளுக்கும்தானே தாத்தா என்று நினைத்தேன்.

“அழாதீங்க அத்தே” என்றேன்.

அவள் தோள்கள் இன்னும் குலுங்கின. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்; அப்படியும் களுக்கென்று ஒரு சத்தம் வெளியே வந்தது. அவ்வளவு துக்கமா என்று பயந்துபோய், நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.