காலி ஷிஃப்டில் பத்துப் பேர்

போன புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஒரு ஃபோன். மும்பை செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் சென்டரிலிருந்து ரிசப்ஷனிஸ்ட் ஜோதி பேசினாள். அங்கே புக்கிங் பார்க்கும் வெப் அப்ளிகேஷன் எங்கள் சின்னக் கம்பெனி எழுதியது. ஒளிக்காமல் சொன்னால், அதில் முக்கால்வாசி நான் எழுதியது.

"மேடம், இங்க ஒரு அம்மா சத்தம் போட்டு ஹல்லா பண்றாங்க. ஈவினிங் ஷிஃப்ட் ஃபுல்னு சிஸ்டம் காட்டுது. அவங்க ரெண்டாவது மாடிக்கே போய்ப் பாத்துட்டு வந்து, ஒருத்தருமே இல்லைங்கறாங்க. நான் யாரை நம்பறது?"

"சிஸ்டத்தை நம்பு" என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள்!

வைத்துவிட்டு என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். மாலை ஷிஃப்ட்: பத்துப் பேர். அங்கே மெஷின்கள் எத்தனை? எட்டு. எட்டு மெஷினுக்குப் பத்துப் பேரை எப்படி புக் செய்ய முடியும்? பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நடந்தால் பத்து நிமிஷம்தான்.

ஜோதியின் மேஜைக்கு முன்னால் அந்த அம்மா, பேச்சியம்மாள், நின்றிருந்தார். தாராவிக்காரர், ஐம்பது வயதிருக்கும். கையில் ரிப்போர்ட்டுகள் திணித்த மஞ்சள் பை. பின்னால் நாற்காலியில் அவருடைய கணவர் சுடலைமுத்து — தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். கால் இரண்டும் வீங்கி, செருப்பு பாதிதான் நுழைந்திருந்தது.

"நீதான் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பா? மூணு நாளா ஃபுல்லு ஃபுல்லுனு சொல்லுதா இந்தப் பிள்ள. மேல போயி பாத்தேன். எட்டு மெசினும் சும்மாக் கெடக்கு. நர்சு ரெண்டு பேரு ஒக்காந்து டீ குடிக்காவ. இதுக்குப் பேருதான் ஃபுல்லா?"

சுடலைமுத்துவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாண்டுப்பில் ஓர் இடத்தில் வாரம் இரண்டு முறைதான் கிடைக்கிறது. மூன்றாவதுக்கு இடம் தேடி அலைந்தபோதுதான், செம்பூரில் புதிதாக மாலை ஷிஃப்ட் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, திங்கட்கிழமையிலிருந்து புருஷனையும் கூட்டிக்கொண்டு தினமும் வருகிறார்.

"அவியளுக்குப் படுத்தா மூச்சு முட்டுது. சுவத்துல சாஞ்சு ஒக்காந்தே தூங்குதாவ" என்றார். குரலில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

புரோகிராமிங் தெரியாதவர்களும் பயப்படாமல் படியுங்கள். சமையலறை அளவுக்கு எளிமையான சமாசாரம்தான்.

எங்கள் அப்ளிகேஷனில் ஒவ்வொரு ஷிஃப்டும் ஓர் ஆப்ஜெக்ட். அதனிடம் 'இன்று யார் யார் வருகிறார்கள்?' என்று கேட்கலாம். அது பெயர்ப் பட்டியல் ஒன்றைத் திருப்பித் தரும். யாருமே இல்லையென்றால்? காலிப் பட்டியலைத் தர வேண்டும். அதுவும் பட்டியல்தானே? பெயர் இல்லாத பட்டியல்.

நான் அப்படி எழுதவில்லை. யாரும் இல்லையென்றால் பட்டியலுக்குப் பதிலாக 'நோ புக்கிங்' என்று ஒரு வாக்கியத்தைத் தரும்படி எழுதிவைத்திருந்தேன்.

ஏன்? எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. பக்கத்து ஃபிளாட்டிலிருந்து டப்பாவில் பாயசம் வந்தால், கழுவிய டப்பாவை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? நர்ஸுகளின் திரை என்றாவது வெறுமையாக இருந்தால் அவர்கள் குழம்புவார்களே... இரண்டு வார்த்தையாவது போட்டு அனுப்புவோமே என்று நினைத்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் கணேசன் அன்றைக்கே எச்சரித்தார். மாட்டுங்காக்காரர், கறார் பேர்வழி. "லிஸ்ட் தரேன்னு சொல்லிட்டு வாக்கியத்தை நீட்டினா எப்படி, வாசுகி? வாங்கிக்கறவன் அதை லிஸ்ட்டுன்னுதானே நெனைப்பான்?" என்றார். நான் சர்க்கரைக் கதையைச் சொன்னேன். "டப்பால சர்க்கரை போடு, வேணாங்கலே. நீ டப்பாவையே வெச்சுண்டு சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக் குடுக்கறே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

ஏழு மாதம் ஒன்றும் ஆகவில்லை. காலை, மதியம் இரண்டு ஷிஃப்டிலும் எப்போதும் ஆள் உண்டு. காலி என்ற பேச்சே எழவில்லை. போன வாரம் மாலை ஷிஃப்டுக்காக ரிசப்ஷனில் ஒரு புதுத் திரை வைத்தோம். 'யார் வருகிறார்கள்' என்று கேட்டு, வந்ததை எண்ணி, எட்டோ அதற்கு மேலோ இருந்தால் 'ஃபுல்' என்று காட்டும். அதையும் நான்தான் எழுதினேன். வாக்கியத்தைத் திருப்பித் தந்தவளும் நான். அதை மறந்துவிட்டு எண்ணச் சொன்னவளும் நான்.

பட்டியலுக்கு நீளம் உண்டு. வாக்கியத்துக்கும் நீளம் உண்டு. கம்ப்யூட்டர் எதையும் சந்தேகப்படாமல் 'நோ புக்கிங்' என்பதன் ஆங்கில எழுத்துகளை, நடுவிலிருந்த இடைவெளியையும் சேர்த்து, எண்ணியது. பத்து. எட்டைவிட அதிகம். ஃபுல்! ஒரு எரர்கூட வரவில்லை.

கொடுமை அதோடு நிற்கவில்லை. ஷிஃப்ட் காலியாக இருப்பதால் 'ஃபுல்' என்கிறது. ஃபுல் என்பதால் யாரையும் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் காலியாகவே இருக்கிறது. கீழே ஜோதி வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்புகிறாள், மாடியில் நர்ஸுகள் "ஏன் ஒருத்தரும் வரலை?" என்று காத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு லிஃப்ட் தூரம்தான்.

பேச்சியம்மாளிடம் முடிந்தவரை விளக்கினேன். முழுவதும் கேட்டார்.

"அப்போ இங்கிலீசு எழுத்து பத்துக்கும் எடம் குடுத்தாச்சு. மனுசனுக்குத்தான் எடமில்ல. அப்படித்தான?"

"ஆமாம்மா. என் தப்புதான்."

"தப்பு கெடக்கட்டும். இன்னைக்கு மெசின்ல ஏத்துவாவளா, மாட்டாவளா? அதச் சொல்லு."

"ஏத்துவாங்க" என்றேன். டாக்டரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். பிறகு மாடிக்கு ஓடி அவரைக் கேட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உடனே கூட்டி வரச் சொன்னார். ஆறரை மணிக்கு சுடலைமுத்து இரண்டாவது கட்டிலில், தலைப்பக்கம் உயர்த்தி, சாய்ந்திருந்தார். பேச்சியம்மாள் காலடியில் நின்று என்னைப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாகியிருக்கும்.

திருத்தம் எவ்வளவு பெரிது? இரண்டு வரி. இனி ஷிஃப்ட் எப்போதும் பட்டியலைத்தான் தரும், காலியோ நிறைவோ. அதன் தலைப்பிலேயே எழுதியாயிற்று — இந்த வழியாகப் பட்டியல் தவிர வேறெதுவும் வெளியே போகக் கூடாது என்று. மீறினால் கம்ப்யூட்டரே அங்கேயே நிறுத்திவிடும். 'நோ புக்கிங்' என்று சொல்வது திரையின் வேலை. திரை சொல்லிக்கொள்ளட்டும்.

மறுநாள் கணேசனும் நானும் உட்கார்ந்து மற்ற இடங்களைத் துழாவினோம். டாக்டர்களைத் தேடச் சொன்னால், பலர் இருந்தால் பட்டியல் வருகிறது. ஒருவர் மட்டும் இருந்தால் அவர் பெயர் தனியாக வருகிறது. ஃபோன் நம்பர் கேட்டால் நம்பர் வரும், இல்லாவிட்டால் 'இல்லை' என்ற பதில் வரும், சில நேரம் வெறும் பூஜ்யம்! எல்லாம் என் கைவண்ணம். கணேசன் 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

யோசித்துப் பார்த்தால் நாம் பேசுவதும் இப்படித்தானே? "பால் இருக்கா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "நேத்துதானே வாங்கினோம்" என்பார். நான் கேட்டது இருக்கிறதா, இல்லையா. கிடைத்தது சரித்திரம். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொள்வேன், போகட்டும். கம்ப்யூட்டர் அப்படித் திறந்து பார்க்காது! கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

மூன்று நாளில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னும் நான்கு பேர். ஜோதி எல்லோருடைய நம்பரையும் எழுதி வைத்திருந்தாள். நானே ஃபோன் செய்தேன். மூவர் வந்துவிட்டார்கள். ஒருவருக்கு அம்பர்நாத்தில் வேறு இடம் கிடைத்துவிட்டதாம். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

நேற்று சென்டருக்குப் போயிருந்தேன். ஒருவர் வந்து மாலை ஷிஃப்டுக்கு இடம் கேட்டார். திரை 'ஃபுல்' என்றது. ஜோதி "ஏக் மினிட்" என்று எழுந்து, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறிப் போய், எட்டு கட்டிலையும் கண்ணால் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்து, "ஆமா சார், ஃபுல்தான்" என்றாள். எல்லாம் சரிசெய்துவிட்டேன், இனி ஏறி இறங்க வேண்டாம் என்று அவளிடம் நான்கு முறை சொல்லிவிட்டேன்.

"சரி மேடம்" என்கிறாள். மறுபடி ஏறிப் போகிறாள்... போகட்டும்!