நுனியைப் பார்த்து ஓடும் காற்று

விமான மாதிரிகளைக் காற்றில் வைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் அவளுக்கு எண்ணெய்க்காரி என்று பெயர். விமான இறக்கையின் மாதிரியில் கறுப்பு எண்ணெயைப் பூசி, காற்றை முடுக்கிவிட்டு, எண்ணெய் எந்தப் பக்கம் கோடு இழுக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. படித்த இன்ஜினியர்தான், ஆனால் அவள் நகம் வெளுத்து யாரும் பார்த்ததில்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் எதிரில் நிற்பது யாரென்று பார்க்க மாட்டாள்.

அன்று கோடுகள் நேராகப் பின்னால் ஓடவில்லை. பாதி தூரம் போனதும் பக்கவாட்டில் வளைந்து, கூட்டமாக இறக்கையின் நுனிக்குப் போயின.

பிரிவுத் தலைவர் பார்த்துவிட்டு ஒரே போடாகப் போட்டார். "எண்ணெய் வழிஞ்சிருக்கும்மா. மறுபடி பூசு."

அப்படித் தோன்றுவதில் நியாயமும் இருந்தது, அதுதான் எரிச்சல். மாதிரி கூரையிலிருந்து நுனி கீழே பார்க்கத் தொங்கியது.

"வழியல சார். இறக்கையை விட்டுத் தள்ளிப் போற காத்து நேராத்தான் போகுது. இறக்கையை ஒட்டிப் போற காத்துக்குத் தெம்பில்ல, அதான் நுனிப்பக்கம் தள்ளப்படுது. அந்தச் சோம்பேறிக் காத்தெல்லாம் அங்க சேர்ந்தா, நுனிதான் முதல்ல தூக்குறதை நிறுத்தும். விமானத்தை இடம் வலமாச் சாய்க்கிற தகடும் அங்கதான் இருக்கு, அப்புறம் விமானம் பைலட் பேச்சைக் கேக்காது."

"கணக்குல அப்படி வரலயே."

"இறக்கையை ரொட்டி மாதிரி துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா கணக்குப் போட்டா எப்படி சார் வரும்? பக்கத்துத் துண்டுக்குப் போகக்கூடாதுன்னு காத்துக்கு யாரு சொன்னது?"

தலைவர் முகம் சிவந்தது. "இறக்கை வரைபடம் நாளைக்குப் பட்டறைக்குப் போகுது. நீ இனிமே டேபிள் வேலை பாரு."

வீட்டில் தையல்காரக் கணவன், "நல்லதுதானே, எண்ணெய் படாம துணியாவது பிழைக்கும்" என்றான்.

"அந்த விமானத்துல நீங்க ஏறுவீங்களா?"

அவன் ஊசியில் நூலைக் கோத்து முடித்தான். பிறகு, "காலையில சீக்கிரம் எழுப்பட்டுமா?" என்று கேட்டான்.

விடிந்ததும் ஃபிட்டர் அண்ணனைப் பிடித்து மாதிரியைக் கழற்றினாள். தலைகீழாக, நுனி கூரையைப் பார்க்க, சுரங்கத்தின் தரையில் திருகிப் பொருத்தினார்கள். எண்ணெய் பூசி முடிக்கவும் தலைவர் வரவும் சரியாக இருந்தது.

"யாரைக் கேட்டுத் திருப்பின?"

"யாரையும் கேக்கல சார்."

விசிறி சுழன்றது. முதலில் எண்ணெய் கொஞ்சம் கீழே இறங்கியது. காற்று வேகம் பிடித்ததும் கோடுகள் பின்னால் நீண்டன, வளைந்தன, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக நுனியைப் பார்த்து மேலே ஏறின.

தலைவர் சுரங்கத்தின் கண்ணாடிச் சன்னலை விட்டு நகரவில்லை. "மேல இருக்கிறவங்ககிட்ட நான் என்னம்மா சொல்றது?"

"இறக்கையை மாத்தணும்னு சொல்லுங்க. வாய் வரலன்னா இங்க கூட்டிட்டு வாங்க. இதைப் பார்த்துட்டு, எண்ணெய் மேல்நோக்கி வழிஞ்சுதுன்னு அவங்களே சொல்லட்டும்."

மாதிரியை யாரும் கழற்றிவிடாதபடி, நாற்காலியை இழுத்துச் சுரங்கக் கதவை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்தாள். தலைவர் போனை எடுத்து, பட்டறைக்கு வரைபடத்தை அனுப்ப வேண்டாம் என்றார்.