சோப்பாகிவிடக் கூடாது

திண்டிவனத்து வெயிலில் ஒரு கரைசலைப் பத்து டிகிரியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

ஆராய்ச்சிப் படிப்பில் எனக்குக் கொடுத்திருந்த வேலை, தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலத்தையும் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தையும் இணைத்து, தோலை உறுத்தாமல் அழுக்கை எடுக்கும் ஒரு பொருளைச் செய்வது. லாரிக் அமிலத்தை முதலில் குளோரைடாக மாற்றி, அமினோ அமிலம் கரைந்த காரக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சூடு ஏறினால் அந்தக் குளோரைடு அமினோ அமிலத்தைத் திரும்பியும் பார்க்காது. தண்ணீரோடு சேர்ந்து பழையபடி லாரிக் அமிலமாகி, காரத்தில் சாதாரண சோப்பாகிவிடும். முந்தின இரண்டு தடவையும் எனக்குச் சோப்புதான் கிடைத்தது.

"வூட்டுக்கு எடுத்துக்கினு போயி துணி தொவைடி" என்றாள், விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் என் ஆய்வகத் தோழி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவையும் சோப்பானால் தலைப்பை மாற்றிவிடலாம் என்று எங்கள் பேராசிரியை சொல்லியிருந்தார். மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. படிப்பு முடிய அத்தனை நாள் பொறுத்துக்கொள்ள எங்கள் வீட்டில் யாரும் தயாராக இல்லை.

ஆய்வகத்து ஃபிரிட்ஜில் உறையும் ஐஸ் சர்பத்துக்குத்தான் காணும். அதனால் மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி, கோணியில் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் மயிலம் பஸ்ஸில் ஏறினேன். கோணி ஒழுகியது. பக்கத்துச் சீட்டு அம்மா புடவையை இழுத்துக்கொண்டு, "மீனு எங்கம்மா? வெறும் ஐஸ தூக்கிக்கினு போற" என்றார். "மீனு நாளைக்கிங்க" என்றேன்.

குளோரைடில் பாதி விட்டிருப்பேன், கரண்ட் போய்விட்டது. கலக்கும் கருவி நின்றது. கண்ணாடிக் கோலால் கையாலேயே கலக்கினேன். குடுவையைச் சுற்றித் தொட்டியில் போட்டிருந்த ஐஸ் தண்ணீராகிவிட, வெப்பமானி ஏறத் தொடங்கியது. பதற்றத்தில் கோணியில் மிச்சமிருந்த ஐஸை அள்ளிக் குடுவைக்குள்ளேயே போட்டுவிட்டேன். சூடு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதந்தது. மீன் ஐஸும் எங்கள் ஊர் போர் தண்ணீரில் செய்ததுதான். அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் இப்படித்தான் திரியும் என்பது இங்கே பக்கெட் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

"போச்சு" என்றாள் தோழி. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியை வந்து பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு இங்கிலீஷ் வரும்; மனசு இளகினால்தான் எங்கள் ஊர்ப் பேச்சு. அன்றைக்கு இங்கிலீஷில் நன்றாகக் கிடைத்தது. திட்டி முடித்துவிட்டு, வேலையைப் பாதியில் விடாதே, ஆசிட் ஊற்றி, விழுவதை வடிகட்டி, பெட்ரோலியம் ஈத்தரில் கழுவு என்றார். ஆசிட் பட்டால் சோப்பு மறுபடி லாரிக் அமிலமாகிவிடும்; ஈத்தர் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகும் ஏதாவது தங்கினால் அது நாங்கள் தேடுகிற பொருள்.

தங்கியது. நம்பிக்கையில்லாமல்தான் காயவைத்தேன்.

மறுநாள் சிலிக்கா தடவிய தட்டில் அதையும் லாரிக் அமிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் புள்ளி வைத்து, கரைப்பானில் ஏறவிட்டு, அயோடின் ஜாடிக்குள் வைத்தோம். லாரிக் அமிலம் உயரத்தில் நின்றது. அந்த உயரத்தில் என் பொருளுக்குப் புள்ளி இல்லை. அதற்குக் கீழே, ஒன்றே ஒன்று மட்டும். குடுவையில் கொஞ்சமாக உண்டான சோப்புதான் முந்தின நாள் அத்தனை ஆட்டம் காட்டியிருக்கிறது. தோழி கொஞ்சம் எடுத்துக் காரத்தில் கரைத்து, போர் தண்ணீரில் குலுக்கினாள். நுரைத்தது, திரியவில்லை.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. முதலில் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது. பேராசிரியை தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இந்த டாபிக்க ஒன் தலையில கட்டனது நானு. ஒன்ன நட்டாத்துல வுட்டுட்டனோன்னு பயந்துக்கினே இருந்தேன்மா" என்றார்.

இத்தனை நாள் அவர்மேல் வளர்த்து வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"டீ வாங்கிக்கினு வரட்டுங்களா மேடம்?"

"வேணாம். செத்த நேரம் இங்கயே ஒக்காரு."